மதச் சகிப்பு என்றால் என்ன? வரி, தேர், ஒலிபெருக்கி வழியாக ஓர் எளிய விளக்கம்

"எந்த மதமும் கெட்டதைச் சொல்லலை, மனுசங்கதான் கெடுத்துட்டாங்க." தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நான்கு பேரிடம் மதத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். மற்ற மூவரும் தலையாட்டுவார்கள். கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர் எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பேச்சு இது. சண்டை வராமல் டீயை முடிக்க நன்றாக உதவும்.

பாதி உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் சிக்கல். "மனுசங்க" என்று சொல்லும்போது ஒவ்வொருவர் மனதிலும் வருகிற முகம் பக்கத்துத் தெருக்காரருடையது, தன்னுடையது அல்ல.

மதச் சகிப்புத்தன்மை, மத நல்லிணக்கம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதியிருப்போம். அதற்குமேல் யோசித்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவை. வெளியூர் வழக்கு ஒன்றிரண்டு நடுவில் வரும்.

சகிப்பு எப்போது சகிப்பாகிறது?

ஓசூரில் ஒருவர் மாடி போர்ஷனை வாடகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தலைமுறையாகக் கறி, மீன் வாசமே ஆகாத வீடு. சிப்காட்டில் வேலைக்கு வந்த ஒரு குடும்பம் வீடு கேட்கிறது. அவர்கள் வீட்டில் மாட்டுக்கறி சமைப்பார்கள். வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. "வீடு ஏற்கெனவே பேசியாச்சுங்க" என்று ஒரு பொய் சொன்னால் போதும், தடுத்துவிடலாம். அப்படிச் செய்யாமல் அட்வான்ஸ் வாங்கிச் சாவியைக் கொடுக்கிறார். மாதம் ஒருமுறை படியேறிப் போய்க் குத்திக் காட்டுவதும் இல்லை.

மூன்று விஷயங்கள் இதில் இருக்கின்றன. பிடிக்காத ஒன்று இருக்க வேண்டும். அதைத் தடுக்கும் சக்தி நம் கையில் இருக்க வேண்டும். இருந்தும், அது அவர்கள் உரிமை என்று ஒப்பி நாம் தடுக்காமல் இருக்க வேண்டும். தத்துவம் படித்தவர்கள் சகிப்பைப் பிரித்துப் பார்ப்பது ஏறக்குறைய இப்படித்தான்.

இதில் ஒன்று குறைந்தாலும் அது வேறாகிவிடும். வீட்டுக்காரருக்கு யார் எதைச் சமைத்தாலும் கவலையே இல்லை என்றால் அவர் எதையும் சகிக்கவில்லை, பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். கதையைத் திருப்பிப் பாருங்கள். விடியற்காலை நாலு மணிக்கு வீட்டுக்காரர் மணியடித்துப் பூஜை செய்கிறார். மேல்வீட்டுக் குழந்தை தினமும் எழுந்து அழுகிறது. குடியிருப்பவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. வேறு வீடு கிடைக்காது என்பதால் சொல்வதில்லை. இதற்குச் சகிப்பு என்று பெயர் வைக்க முடியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். நம் ஊர்களில் சிறுபான்மையாக இருக்கிறவர்களைப் பாராட்டும் ஒரு பேச்சு உண்டு. "நம்மூரு பாயிங்க ரொம்பத் தங்கமானவங்க, எதுக்கும் வாயே திறக்க மாட்டாங்க" என்பார்கள். காலனிக்காரர்களைப் பற்றியும் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். வாய் திறக்காதது அவர்கள் குணமா, வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதாலா? சக்தி யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் சகிப்பைத் தேட வேண்டும். பலமில்லாதவரின் மௌனத்தை எடுத்து ஊரின் ஒற்றுமைக் கணக்கில் எழுதுவது மோசடி.

"சகித்துக்கொள்கிறேன்" என்பதே மட்டமான பேச்சு, அன்பு செய்ய வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பக்கத்து வீட்டுக்காரர் நம்மைப் பார்த்து "உன்னைச் சகித்துக்கொள்கிறேன்" என்றால் யாருக்கு இனிக்கும்? ஆனால் அன்பு செய் என்று சட்டம் போட முடியாது. வீட்டை எரிக்காதே, வழியை மறிக்காதே, பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தாதே என்று சட்டம் போட முடியும். இந்தக் குறைந்தபட்சம் உறுதியாக இருக்கிற ஊரில்தான் நட்பும் கல்யாண விருந்தும் தானாக வரும்.

எல்லா மதமும் ஒன்றா?

ஒன்றில்லை. ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இறைவனுக்கு உருவமில்லை, இணையில்லை என்பவர் ஒருவர். கல்லில் செதுக்கிய உருவத்தின் வழியாகவே அருள் இறங்கும் என்பவர் இன்னொருவர். இறைமகன் மனிதனாகப் பிறந்தார் என்பவர் வேறொருவர். உலகைப் படைத்த கடவுள் என்று யாருமே இல்லை என்பது சமணம். இவ்வளவையும் கேட்டுவிட்டு "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று ஒருவர் சொன்னால், அவர் நான்கு பேரில் யார் சொன்னதையும் காதில் வாங்கவில்லை என்று பொருள். கருத்தில் வேறுபாடு இல்லாவிட்டால் சகிப்புக்கு வேலையே கிடையாது.

வேறுபாடு தெரிந்தே பக்கத்தில் இருந்ததற்குத் தகடூரில் சான்று உண்டு. தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர், அதியமானின் ஊர். நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், 893ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, வணிகர்கள் இங்கே ஒரு சமணப் பள்ளி கட்டியதையும் அதன் வழிபாட்டுக்கும் பராமரிப்புக்கும் ஓர் ஊர் கொடையாக விடப்பட்டதையும் சொல்கிறது. பின்னாளில் தகடூரை ஆண்ட அதியமான் மரபினன் விடுகாதழகிய பெருமாள், போளூர் பக்கத்துத் திருமலையில் தன் முன்னோன் எழினி வைத்த சமணக் காவல் தெய்வங்களான இயக்கன், இயக்கி சிலைகளைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. படைத்த கடவுள் இல்லை என்று சொல்லும் சமயத்துக்கு நிலமும் ஊரும் விட்ட மண் இது.

இதைப் படித்துவிட்டு "அந்தக் காலத்தில் எல்லோரும் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தார்கள்" என்று பெருமூச்சு விட வேண்டாம். கல்வெட்டு கொடுத்தவரைப் பற்றிப் பேசும். கொடுக்கப்பட்ட ஊரில் வயலில் நின்றவர் என்ன நினைத்தார் என்று பேசாது.

மக்கள் மட்டத்தில் இன்னொரு வகையும் உண்டு. அது சகிப்புகூட இல்லை, கலப்பு. கிருஷ்ணகிரிக் கோட்டை கிருஷ்ணதேவராயரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. கோட்டை இருக்கும் அதே மலையில் சையத் பாஷா தர்கா இருக்கிறது. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று கும்பிடுகிற சாமி பல இடங்களில் ஒரு நடுகல். ஆநிரை மீட்டுச் செத்த வீரன் ஒருவனின் கல், பெயர் மறந்து சாமியாகி நிற்கிறது. வட தமிழகத்தில் பாரதக் கூத்தும் துரியோதனன் படுகளமும் நடக்கிற திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் முத்தால ராவுத்தன் என்றொரு காவல் தெய்வம் உண்டு. அம்மனுக்குக் காவலாக ஒரு முஸ்லிம் வீரன். எந்த மாநாடும் கூட்டி இதை முடிவு செய்யவில்லை. கூத்துக்காரனும் பூசாரியும் ஊராரும் சேர்ந்து செய்த காரியம்.

அழகான விஷயம்தான். ஆனால் இதையே ஆதாரமாகக் காட்டி "எங்க ஊர்ல பிரச்சினையே இல்லை" என்று முடித்துவிட முடியாது. ராவுத்தன் காவல் நிற்பது கோயில் எல்லையில். சாமிகளுக்கு இடையிலேயே உள், வெளி என்ற வரிசை இருக்கிறது. தர்காவில் போய்ப் பிள்ளைக்கு மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு வருகிற குடும்பம், அதே பிள்ளை வளர்ந்து அந்தத் தெருப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றால் என்ன செய்யும்?

ஒரே சாமி, இரண்டு கணக்கு

மதச் சகிப்பு என்றதும் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று மூன்று பேர் கைகோத்து நிற்கும் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. நம் இரண்டு மாவட்டங்களில் அந்தப் படம் அதிகம் உதவாது. இங்கே பெரிய காயங்கள் ஒரே மதத்துக்குள் நடந்தவை.

கிராமத்து மாரியம்மன் திருவிழா எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஊர் கூடித் தேதி குறிப்பார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. வரி கொடுத்தவர் வீட்டுக்குப் பூங்கரகம் வரும், சாமி வாசலில் நிற்கும், பிரசாதத்தில் பங்கு உண்டு. வெளியூரில் கட்டட வேலைக்குப் போனவர்களும் பெங்களூரில் இருப்பவர்களும் வரி அனுப்பிவிடுவார்கள். வரி என்பது பணம் மட்டும் கிடையாது, அது ஊரில் ஆள் என்பதற்கான ரசீது.

அதனால்தான் ஒரு குடும்பத்தைத் தண்டிக்க நினைத்தால் ஊர் செய்கிற முதல் வேலை வரி வாங்க மறுப்பது. சாதி மாறிக் கல்யாணம் செய்த வீடு, பஞ்சாயத்து சொன்னதைக் கேட்காத வீடு, போலீசுக்குப் போன வீடு. "உங்ககிட்ட வரி வேணாம்" என்றால் முடிந்தது. அந்த வீட்டுக்குச் சாமி வராது, சாவுக்கு ஆள் வராது. காலனி மக்களிடம் தலைமுறை தலைமுறையாக வரி வாங்காத ஊர்கள் உண்டு. வாங்கினாலும் தனியாக வாங்கி, சாமி ஊர்வலத்தை அந்தத் தெருமுனையோடு திருப்பிக்கொள்ளும் ஊர்கள் உண்டு. தாசில்தார் அழைத்துப் பேசினால் "தெரு குறுகலுங்க, தேர் திரும்பாது" என்பார்கள். அதே தெருவில் நெல் லாரி திரும்பும்.

இங்கே எந்த வேற்று மதமும் வரவில்லை. ஒரே அம்மன், ஒரே கூழ், ஒரே காப்புக்கட்டு. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. சாதி மாறி நடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து எழுந்த வன்முறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் வந்தால் இரு பக்கத்திலும் பெரும்பாலோர் ஒரே மதத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

மதம் மாறினால் இது தீர்ந்துவிடுகிறதா? நம் பக்கத்தில் கத்தோலிக்கர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்பது அவர்கள் போதனையின் மையம். ஆனால் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பி இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள் என்று பிணங்களைப் பிரித்த கதையும் உண்டு. 2008இல் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென ஒரு தேவாலயமும் பாதிரியாரும், கேட்டபோது மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இரு தரப்பும் ஒரே திருப்பலியில் ஒரே அப்பத்தை வாங்கியவர்கள்.

முஸ்லிம்களிடையே பள்ளிவாசல் வரிசையில் ஏழை, பணக்காரர் தோளோடு தோள் நிற்பது உண்மை. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் பல பேர். ஆனால் அந்த வரிசை கல்யாணப் பேச்சுவரை நீள்வதில்லை. தமிழ் பேசும் ராவுத்தருக்கும் உருது பேசும் தக்கணி முஸ்லிமுக்கும் இடையே பெண் கொடுத்துப் பெண் எடுப்பது சுலபமாக இருந்ததில்லை. ஜமாத்தின் கூட்டங்களில் பெண்கள் அநேகமாக இருக்க மாட்டார்கள். பெண்ணின் தலாக் பற்றிய பேச்சே அவள் இல்லாத அறையில்தான் நடக்கும்.

மூன்று மதத்துக்கும் ஒரே அளவு குற்றப்பத்திரிகை வாசிப்பது என் நோக்கமில்லை. எண்ணிக்கையும் அதிகாரமும் யாரிடம் அதிகமோ அவர்கள் செய்யும் தவறு அதிகம் பேரைத் தாக்கும், அது கணக்கு. இங்கே சொல்ல வந்தது வேறு. ஒரு நம்பிக்கைச் சமூகம் என்பது நம்பிக்கை மட்டும் கிடையாது. அதற்குள் சொந்தபந்தம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, கோயில் சொத்து, வக்பு சொத்து, திருச்சபைப் பள்ளிக்கூடம் இருக்கிறது, முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வி இருக்கிறது, தேர்தலில் மொத்த ஓட்டு யார் கையில் என்ற பேரம் இருக்கிறது. இதில் ஒன்று ஆட்டம் கண்டால் "மதத்துக்கு ஆபத்து" என்று குரல் வரும். குரல் கொடுப்பவர் பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு இரண்டும் பிரித்துத் தெரிவதில்லை.

"மனுசங்கதான்" என்பது எங்கே சாக்காகிறது?

முதல் வாக்கியத்துக்கு வருவோம். மதம் சரி, மனிதர்தான் சரியில்லை. ஒரு பூசாரி உண்டியலில் கை வைத்தால் அது அந்த மனிதரின் தவறு. சரி. ஆனால் ஒரே தவறு, ஒரே ஆட்கள் மேல், நூற்றாண்டுக் கணக்கில், ஊருக்கு ஊர் நடந்தால் தனிமனிதர் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. அதற்கு வழக்கம் துணை நின்றிருக்கிறது, வழக்கத்துக்கு ஏதோ ஒரு நூலின் வரி துணை நின்றிருக்கிறது, அந்த வரிக்குப் பெரியவர் ஒருவரின் விளக்கம் துணை நின்றிருக்கிறது.

கோயில் நுழைவு இதற்கு நல்ல பாடம். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1937 முதல் 1939 வரை சென்னை மாகாணப் பிரதமர், இன்றைய பேச்சில் முதலமைச்சர். 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட மக்களோடு மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். அப்படி நுழைந்தவர்கள் மீதும் கதவைத் திறந்துவிட்ட கோயில் நிர்வாகிகள் மீதும் வழக்குப் போட முடியும் என்பதுதான் அன்றைய நிலை. சாமி கும்பிட்டதற்கு வழக்கு! ராஜாஜி அரசு அதே ஆண்டில் அவர்களைப் பாதுகாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சம்மதிக்கும் கோயில்கள் திறந்துகொள்ளலாம் என்ற அளவில்தான் அந்தச் சட்டம் இருந்தது. எல்லாக் கோயில்களிலும் நுழையும் உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது.

அந்தக் காலத்தை யோசித்துப் பாருங்கள். திறக்க வேண்டும் என்றவரும் பக்தர், திறக்கக் கூடாது என்றவரும் பக்தர். இருவரும் சாஸ்திரத்தையே காட்டினார்கள். இதில் "உண்மையான மதம்" யார் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கும் கதவு மூடியே இருந்திருக்கும். கதவு திறந்ததற்கு நம்பிக்கை உள்ளவர்களின் மனசாட்சி ஒரு காரணம். வெளியே நிறுத்தப்பட்டவர்களின் போராட்டம், மதத்தையே கேள்வி கேட்டவர்களின் பிரச்சாரம், அரசின் சட்டம் எல்லாம் சேர்ந்து தள்ளின.

நம் மாவட்டத்திலேயே இதற்கு முந்தைய ஒரு முயற்சி உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று தொழுநோயோடு வெளியே வந்த சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் குடியேறினார். தொழுநோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்று அரசு தடுத்தது. அந்த உடம்போடு, சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து வணங்கப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட வேண்டும் என்று அலைந்தார். 1923இல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸ் அங்கே அடிக்கல் நாட்டினார். கோயிலைப் பார்க்காமலேயே 1925 ஜூலை 23 அன்று சிவா பாப்பாரப்பட்டியில் இறந்தார். இன்று அங்கே அவர் நினைவிடம் இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவான கோயிலுக்கும் ஓர் அம்மன் உருவம்தான் அவருக்குத் தோன்றியது, உருவ வழிபாடு ஏற்காதவர் அங்கே எப்படி வருவார் என்று ஒரு மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. நல்ல மனம் உள்ளவருக்கும் தன் வீட்டுச் சன்னல் வழியாகத்தான் உலகம் தெரிகிறது.

நம் தோப்பு மாம்பழமும் பக்கத்துத் தோப்பு மாம்பழமும்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும் உதாரணம் ஒன்று. மண்டிக்குப் போகிறோம். நம் தோப்பில் பறித்ததில் முதல் தரக் காய்களை மேலே அடுக்குகிறோம். பக்கத்துத் தோப்பில் உதிர்ந்து அழுகியதில் நான்கைப் பொறுக்கிப் பக்கத்தில் வைக்கிறோம். "பாருங்க, எது நல்ல தோப்பு?" என்கிறோம். வாங்க வந்த வியாபாரி சிரிப்பார்.

மதத்தைப் பற்றி நாம் தினமும் செய்வது இதுதான். நம் மதத்துக்கு அதன் ஞானியை முன்னே நிறுத்துகிறோம், அடுத்தவர் மதத்துக்கு அதன் ரவுடியை நிறுத்துகிறோம். நம்மவர் தவறு செய்தால் "அவன் உண்மையான பக்தனே இல்லை", அடுத்தவர் செய்தால் "அவங்க எல்லாருமே இப்படித்தான்". வாட்ஸ்அப்பில் வருகிற பெரும்பாலான சமாச்சாரங்கள் இந்த ஒரு தந்திரத்தில் ஓடுபவை. சரியான ஒப்பீடு வேண்டுமென்றால் ஞானிக்கு ஞானி, நூலுக்கு நூல், ஊர்ப் பழக்கத்துக்கு ஊர்ப் பழக்கம் என்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பேச்சின் சூடு பாதி குறைந்துவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கட்டளை இதைத்தான் பேசுகிறது. தன் சமயத்தின் மேல் உள்ள பற்றினால் அதைப் புகழ்ந்து மற்றதை இகழ்கிறவர் உண்மையில் தன் சமயத்துக்கே கேடு செய்கிறார் என்கிறது அது. நாக்கைக் கட்டுப்படுத்து, மற்றவர் சொல்வதைக் கேள் என்பதுதான் அதன் சாரம். அசோகர் புத்த சமயத்தின் பக்கம் சாய்ந்தவர், அதை மறைக்கவும் இல்லை. அவருக்கும் ஒரு பக்கம் இருந்தது.

எதுவரை?

சகிப்புக்கு எல்லை உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவே எல்லையோடுதான் தொடங்குகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்கு உட்பட்டு மனசாட்சி சுதந்திரமும், மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமையும். 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. "இது எங்கள் சம்பிரதாயம்" என்று அதற்கு விலக்குக் கேட்க முடியாது. மேலே சொன்ன 1947ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தை எதிர்த்து, தென் கன்னடத்து மூல்கி வெங்கடரமணர் கோயில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது எங்கள் சமூகத்தின் தனிக் கோயில், யாரை விடுவது என்பது எங்கள் மத விவகாரம் என்பது வாதம். அது அவர்களின் தனிக் கோயில்தான் என்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அப்படியிருந்தும் எல்லா இந்துக்களும் நுழையும் உரிமை அதற்கு மேலானது என்று 1957இல் தீர்ப்புச் சொன்னது.

ஒலிபெருக்கி விவகாரமும் இப்படித்தான். ஆடி மாதம் விடிவதற்கு முன்பே கூம்பு ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, பாங்கு, ஜெபக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் மைக் வந்துவிட்டது. சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் ஒலிபெருக்கியைப் பற்றிய வழக்கில், அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் சொன்னது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. பண்டிகைகளுக்காக மாநில அரசு ஆண்டில் அதிகபட்சம் 15 நாள், இரவு 12 மணி வரை தளர்வு தரலாம். விதி எல்லோருக்கும் பொது. புகார் மட்டும் பெரும்பாலும் அடுத்த மதத்தின் ஸ்பீக்கர் மேல்தான் போகிறது.

எல்லை மறுபக்கமும் உண்டு. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் மாட்டோம் என்றார்கள். தங்கள் இறைவனைத் தவிர வேறெதையும் பாடிப் போற்றக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துசெய்தது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசியல் சட்டம் அதை நடைமுறைப்படுத்துகிறது, அதை நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை நம்மில் பல பேருக்குப் புரியாது, எரிச்சல்கூட வரலாம். யாருக்கும் அவர்களால் கெடுதல் இல்லை. நம் எரிச்சலைத் தவிர எதிர்க் காரணம் ஏதுமில்லாத இடத்தில்தான் சகிப்பு கேட்கப்படுகிறது.

யாருக்குக் கெடுதல் என்று கேட்டுப் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகும். பிள்ளைகள் பாடாமல் நின்றதில் யாருக்கும் நட்டமில்லை. தேர் காலனிக்குள் வராததில் நட்டம் உண்டு, யாருக்கு என்றும் தெரியும்.

விலகிப் போகிறவர்

ஊர்வலப் பாதையில் தகராறு வந்தால் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். இரு பக்கமும் ஐந்தாறு பெரியவர்கள், டி.எஸ்.பி., தாசில்தார், தேநீர், கையெழுத்து. அன்றைய தினத்துக்கு அது வேலை செய்யும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் ஒவ்வொரு மதமும் ஒரு பெரியவரின் குரலாகச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பெரியவரோடு உடன்படாத அவர் மதத்துப் பெண்ணோ பையனோ அங்கே கிடையாது. மதங்களுக்கு இடையே சமாதானம் செய்துகொண்டு, தன் ஆட்களை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொள்வது எல்லாச் சமூகத்துக்கும் சுலபமாக வருகிறது.

சகிப்பைப் பற்றிப் பேசியவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் மதச் சண்டைகளால் சலித்துப்போன காலத்தில், 1689இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் மதச் சகிப்புக்காக வாதாடினார். அரசு யார் ஆன்மாவையும் காப்பாற்ற முடியாது, அதனால் நம்பிக்கையில் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். நல்ல வாதம். ஆனால் கடவுள் இல்லை என்பவர்களை அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வைத்தார். கடவுளுக்குப் பயப்படாதவன் சத்தியம் செய்தால் எப்படி நம்புவது என்று கேட்டார். நம் ஊரில் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்னேறியிருக்கிறோம். ஐயரும் அக்கினியும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டால் போதும் என்று சுயமரியாதைத் திருமணத்தை 1967இல் தமிழக அரசு சட்டப்படி செல்லுபடியாக்கியது. சாமி கும்பிடாத மாமனும் கும்பிடுகிற அத்தையும் ஒரே வீட்டில் இருப்பது இங்கே பெரிய அதிசயம் இல்லை.

ஆனால் கல்யாணம் மதம் தாண்டினால் நிலைமை மாறிவிடும். மதம் மாறாமலேயே இருவர் கல்யாணம் செய்துகொள்ள 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் வழி தருகிறது. அதற்கு முதலில் பதிவு அலுவலகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயர், முகவரி, வயது எல்லாம் அலுவலகத்தில் பார்வையாகத் தெரியும் இடத்தில் 30 நாள் ஒட்டியிருக்கும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்பதற்காக வைத்த விதி. அந்தக் காகிதத்தை முதலில் படிக்கிறவர் யார், படித்ததும் யாருக்குப் போன் போடுவார், அன்று சாயந்திரம் அந்த இரண்டு வீட்டு வாசலிலும் யார் யார் வந்து நிற்பார்கள் என்பதையெல்லாம் சட்டம் எழுதியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஜமாத், பங்கு மக்கள், ஊர்ப் பஞ்சாயத்து என்று பெயர்தான் வேறு வேறு. அமைதிப் பேச்சுவார்த்தையில் எதிரெதிராக உட்கார்ந்த அதே பெரியவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரலில் பேசுவதை நம் தாலுகா அலுவலக வாசல்களில் கேட்கலாம்.